விருது வாங்க மேடையேறும்போது என்ன பாட்டு போடுவது?

கோவை மாவட்டத்திலிருந்து சிறுதொழில் முனைவோர் சங்கம் ஒன்றின் செயலாளர் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கடிதம் நீளம், சாரம் இது.

இன்னும் ஆறு வாரத்தில் சங்கத்தின் ஆண்டு விருது விழா. வாடகை ஹால், 400 பேர், டிக்கெட் கிடையாது, மூன்று ஸ்பான்சர்கள். மொத்தம் 22 விருதுகள். ஒவ்வொருவர் மேடையேறும்போதும் அவருடைய தொழிலுக்கும் குணத்துக்கும் பொருந்துகிற சினிமாப் பாட்டிலிருந்து 30 வினாடி போடுவது என்று குழு முடிவு செய்து, பட்டியலும் தயாரித்துவிட்டது. பிரபலமான ஒரு மெட்டில் சங்கத்தைப் பற்றி வரிகள் எழுதி, உறுப்பினர்களின் பிள்ளைகள் வரவேற்புப் பாடலாகப் பாடப்போகிறார்கள். விழா யூடியூபில் நேரலையாகப் போகும். பிறகு நான்கு நிமிடத்துக்கு ஒரு வீடியோ வெட்டி ஸ்பான்சர்களுக்குக் கொடுக்க வேண்டும். விழா முடிந்ததும் ஹாலை ஒட்டிய புல்வெளியில் விருந்து, டிஜே. இசைக்கென்று ஒதுக்கியிருப்பது 40,000 ரூபாய்.

ஹால் மேனேஜர் "மியூசிக் லைசென்ஸ் நகல் இல்லாமல் சிஸ்டத்தை ஆன் பண்ண விடமாட்டேன்" என்கிறார். டிஜே "எல்லா ஃபங்ஷனுக்கும் நான்தான் போடுறேன், ஒண்ணும் ஆகாது" என்கிறார். சென்ற ஆண்டு நேரலை நடுவில் நின்றுபோனது. ஏன் என்று இதுவரை யாருக்கும் தெரியவில்லை. "30 வினாடிக்கு உரிமை பிரச்சினை வராது என்கிறார்களே? எங்களிடம் மாதச் சந்தா கட்டிய பாட்டு ஆப் இருக்கிறது, அது போதாதா? லாப நோக்கமில்லாத சங்கத்துக்கும் லைசென்ஸ் வேண்டுமா?" என்று கேட்கிறார்.

அன்புள்ள செயலாளர் அவர்களுக்கு,

உங்கள் குழு பாட்டுப் பட்டியலிலிருந்து ஆரம்பித்திருக்கிறது. நான் ஆரம்பிக்கும் இடம் வேறு. அந்தப் பாட்டு எங்கெங்கே போய்ச் சேரப்போகிறது? ஹால் ஸ்பீக்கரில் ஒலிப்பது ஒன்று. யூடியூபில் நேரலையாகப் போவது இன்னொன்று. காட்சியோடு சேர்த்து வெட்டி, பிற்பாடு ஸ்பான்சர் கையில் கொடுக்கும் வீடியோ மூன்றாவது. கேட்பவருக்கு மூன்றும் ஒரே பாட்டுதான். 1957-ஆம் ஆண்டு காப்புரிமை (காப்பிரைட்) சட்டத்தின் கணக்கில் மூன்றும் தனித்தனிச் செயல்கள், தனித்தனி அனுமதிகள். நிகழ்ச்சிக்கென்று நீங்கள் வாங்கும் லைசென்ஸ் பொதுவாக முதலாவதை மட்டுமே மூடும். லைசென்ஸ் எடுத்த சங்கங்களுக்குக்கூட நேரலை அறுந்துபோவது இதனால்தான். சென்ற ஆண்டு உங்களுக்கு நடந்ததும் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். யூடியூப் தன்னிடம் பதிவான பாட்டுகளோடு நேரலையின் ஒலியைத் தானாகவே ஒப்பிடுகிறது. பொருந்தினால் முதலில் எச்சரிக்கை, பாட்டு தொடர்ந்தால் நேரலை நிறுத்தம். உங்கள் சேனல் நிர்வாகப் பக்கத்தில் காப்புரிமைப் பகுதியைத் திறந்து பாருங்கள், பழைய வீடியோவின் மேல் ஏதாவது கோரிக்கை நிற்கிறதா என்று. 90 நாளுக்குள் மூன்று முறை காப்புரிமை நடவடிக்கை (ஸ்ட்ரைக்) வந்தால் சேனலே போய்விடும்.

குழுவில் நிலவும் சில நம்பிக்கைகள்

30 வினாடி விதி என்று ஒன்று நம் சட்டத்தில் இல்லை. பிரிவு 52 சில பயன்பாடுகளுக்கு விலக்கு தருகிறது: தனிப்பட்ட பயன்பாடு, விமர்சனம், நடப்புச் செய்தி அறிவிப்பு இப்படி. எங்கேயும் வினாடிக் கணக்கு கிடையாது. அதிலும் பாட்டின் அடையாளமே பல்லவியில்தான் இருக்கும். நீங்கள் எடுக்கப்போவது அதைத்தான்.

மாதச் சந்தா ஆப்கள் தருவது தனிப்பட்ட முறையில் கேட்கும் உரிமை. 400 பேர் அமர்ந்த ஹாலில் போடுவது அவற்றின் நிபந்தனைகளிலேயே வராது. வீடியோவின் கீழே 'பாடல் உரிமை அந்தந்த நிறுவனத்துக்கே' என்று எழுதுவதாலும் அனுமதி கிடைத்துவிடாது. எழுதியவருக்குப் பாட்டு யாருடையது என்று தெரிந்திருந்தது என்பதற்கு அது சாட்சியாக வேண்டுமானால் பயன்படும்.

லாப நோக்கமில்லாத சங்கம் என்ற கேள்வி நியாயமானது, அதை ஒரு வரியில் தள்ளிவிட முடியாது. பிரிவு 52(1)(k), லாபத்துக்காக நடத்தப்படாத மன்றமோ அதுபோன்ற அமைப்போ தன் செயல்பாட்டின் பகுதியாக ஒலிப்பதிவை ஒலிக்கச் செய்வதற்கு விலக்கு தருகிறது. பிரிவு 52(1)(l), பணம் கட்டாத பார்வையாளர் முன் அமெச்சூர் குழு நிகழ்த்துவதற்கு விலக்கு தருகிறது. இந்த இரண்டாவது விலக்கு, மேடையில் நேரடியாகப் பாடுவதற்கும் வாசிப்பதற்கும்தான். ஒலிப்பதிவைப் போட்டு ஆடுவதற்கு உதவாது. உங்கள் சங்கம் சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவானது என்றால் முதல் விலக்கைக் கோர உங்களுக்கு வாதம் உண்டு. ஆனால் மூன்று ஸ்பான்சர்கள், அவர்களின் பேனர், உறுப்பினர் அல்லாத விருந்தினர்கள், வணிக ஹால் என்று சேரச் சேர அந்த வாதம் மெலிந்துகொண்டே போகும். நேரலைக்கும் வீடியோவுக்கும் அது துளியும் பொருந்தாது. ஹால் மேனேஜரை அது திருப்திப்படுத்தவும் போவதில்லை. நோட்டீஸ் வந்தால் பதிலில் எழுதிக்கொள்ள வைத்துக்கொள்ளுங்கள். விழாவை அதன் மேல் நிறுத்தாதீர்கள்.

பள்ளி ஆண்டு விழா, அரசு விழா, கல்யாணம் ஆகியவற்றை உதாரணம் காட்டியிருக்கிறீர்கள். அவற்றுக்குத் தனித்தனி விலக்குகள் இருக்கின்றன. பள்ளிக்கு, பார்வையாளர்கள் ஆசிரியர்கள், மாணவர்கள், பெற்றோர், பள்ளியோடு தொடர்புடையவர்கள் என்ற வட்டத்துக்குள் இருக்கும்வரை. அரசும் உள்ளாட்சி அமைப்பும் நடத்தும் அதிகாரப்பூர்வ விழாவுக்கும், மதச் சடங்குக்கும், திருமணத்தோடு சேர்ந்த கொண்டாட்டத்துக்கும் பிரிவு 52(1)(za). அமைச்சர் சிறப்பு விருந்தினராக வருவதால் உங்கள் விழா அரசு விழா ஆகிவிடாது.

வரவேற்புப் பாடல்தான் கடிதத்தில் என்னைத் தயங்க வைத்த இடம். மெட்டை வைத்துக்கொண்டு வரியை மாற்றுவது இருக்கும் பாட்டைத் திருத்தியமைப்பது. பாட்டுக்கு உரிமைக் கட்டணம் வசூலிக்கும் எந்த அமைப்பின் நிகழ்ச்சி லைசென்ஸும் இதற்குப் பொருந்தாது. உரிமையாளரிடமே தனியாகக் கேட்க வேண்டும். ஆறு வாரத்தில் பதில் வரும் என்று நம்பாதீர்கள். பிள்ளைகள் எழுதிய வரிகள் நன்றாக இருந்தால் வரிகளை வைத்துக்கொண்டு மெட்டை மாற்றுங்கள். உள்ளூர் இசை ஆசிரியர் ஒருவருக்கு இது ஒரு மாலை வேலை.

"பாட்டைப் போடாமல் கீபோர்டில் வாசித்தால்?" என்ற கேள்விக்குப் பாதி ஆம். ஒலிப்பதிவு நிறுவனத்தின் உரிமை அதில் வராது. மெட்டு இசையமைப்பாளருடையது, அது வரும். மேடையில் நேரடியாக வாசித்தால் அந்த ஒரு அனுமதி போதும். முன்கூட்டியே பதிவு செய்து போட்டால் அது 31சி பிரிவின்படி மறுபதிவு ஆகிவிடுகிறது. மூலப் பதிவு செய்யப்பட்ட ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டு ஆகியிருக்க வேண்டும், ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான ராயல்டி கட்ட வேண்டும். உங்கள் அளவு விழாவுக்கு அது கட்டுப்படியாகாது.

பழைய பாட்டுக்கு உரிமை கிடையாது என்பதும் அரைகுறை. ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டு முடிந்து 60 ஆண்டு. 1960-இல் வந்த இசைத்தட்டின் பதிவுரிமை 2020 முடிவோடு தீர்ந்தது. வரிக்கும் மெட்டுக்கும் எழுதியவர், இசையமைத்தவர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டு. கண்ணதாசன் 1981-இல் மறைந்தார். அவர் வரிகளுக்கு 2041 முடியும்வரை உரிமை இருக்கிறது, இசைத்தட்டு எவ்வளவு பழையதாக இருந்தாலும். கர்நாடக இசை என்றால் எல்லாமே பொது என்று எடுத்துக்கொள்வதிலும் சிக்கல் உண்டு. தியாகராஜர் 1847-இல், முத்துசாமி தீட்சிதர் 1835-இல் மறைந்தவர்கள். அவர்கள் கிருதிகளை யாரும் வாசிக்கலாம். பாபநாசம் சிவன் 1973 வரை வாழ்ந்தவர், அவர் கீர்த்தனைகளுக்கு 2033 முடியும்வரை காலம் இருக்கிறது. பாரதியார் பாடல்களின் வரிகள் பொது. சினிமாவில் அவற்றுக்குப் போட்ட மெட்டு பொது அல்ல.

யாரிடம் வாங்குவது

ஒரு சினிமாப் பாட்டின் ஒலிப்பதிவை ஹாலில் போட இரண்டு அடுக்கு அனுமதி. வரியும் மெட்டும் ஒன்று, அதற்கு ஐ.பி.ஆர்.எஸ்., அது அரசிடம் பதிவு பெற்ற காப்புரிமைச் சங்கம். ஒலிப்பதிவு மற்றொன்று, அதை எந்த இசை நிறுவனம் வைத்திருக்கிறதோ, அந்த நிறுவனம் யாரிடம் ஒப்படைத்திருக்கிறதோ அவர்களிடம் போக வேண்டும். பி.பி.எல்., நோவெக்ஸ், ஆர்.எம்.பி.எல். என்று பல கதவுகள். இவற்றில் ஆர்.எம்.பி.எல். பதிவு பெற்ற சங்கம். மற்ற இரண்டும் தங்களிடம் எழுதிக்கொடுக்கப்பட்ட உரிமையின் பேரில் லைசென்ஸ் தருகின்றன.

பதிவு பெறாத அமைப்பு அப்படித் தரலாமா என்பதில் நீதிமன்றங்கள் ஒத்துப்போகவில்லை. சென்னை உயர் நீதிமன்றம் 2021 டிசம்பரில் கூடாது என்றது. பம்பாய் உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் உரிமையாளர் என்ற முறையில் தரலாம் என்றது. டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு 2025 ஏப்ரலில் மறுபடி கூடாது என்ற பக்கம் போனது, அதன் மேல் விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. இதைப் படித்துவிட்டு "அப்படியானால் யாருக்கும் பணம் கட்ட வேண்டாம்" என்று குழுவில் ஒருவர் சொல்வார். தப்பு. யார் வசூலிப்பது என்பதில்தான் சண்டை. பாட்டுக்கு உரிமையாளர் இருக்கிறார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, அவரே நேரடியாக வழக்குப் போட எந்தத் தடையும் இல்லை.

நடைமுறையில் செய்ய வேண்டியது: எந்தெந்தப் பாட்டு என்று முடிவானதும் ஒவ்வொன்றும் எந்த இசை நிறுவனத்துடையது என்று பாருங்கள், யூடியூபில் அதிகாரப்பூர்வ வீடியோவின் கீழேயே போட்டிருக்கும். பிறகு மேலே சொன்ன அமைப்புகளின் இணையதளத்தில் அந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்று சரிபாருங்கள். தேதி, இடம், பார்வையாளர் எண்ணிக்கை, ஸ்பான்சர் உண்டா என்று கேட்பார்கள், உள்ளதைச் சொல்லுங்கள். எண்ணிக்கையைக் குறைத்துச் சொன்னால் விழா அன்று அந்த லைசென்ஸின் பெறுமதியும் குறைந்துவிடும். 22 பாட்டு 22 படத்திலிருந்து என்றால் நான்கு கதவையும் தட்ட வேண்டியிருக்கும். பட்டியலைச் சுருக்கச் சொல்வதற்கு இதுவே எனக்குப் போதுமான காரணம்.

ஹால்காரர் கெடுபிடி செய்வதைக் கோபமாக எழுதியிருக்கிறீர்கள். அவர் பக்கமும் பாருங்கள். உரிமை மீறல் நடக்கத் தன் இடத்தை லாபத்துக்காக விடுபவரையும் பிரிவு 51 பிடிக்கிறது; தெரியாது என்று நிரூபிப்பது அவர் பொறுப்பு. ஹாலுக்கே ஆண்டு லைசென்ஸ் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் நகலை வாங்கி எந்தப் பகுதிக்கு, எந்தத் தேதிவரை, நிகழ்ச்சிகளும் அடக்கமா என்று மூன்றையும் பாருங்கள். வரவேற்பறையிலும் சாப்பாட்டு ஹாலிலும் மெதுவாக ஒலிக்கும் பின்னணி இசைக்கு வாங்கியதை விழாவுக்கும் காட்டுகிறவர்கள் உண்டு.

உண்மையில் எவ்வளவு ஆபத்து?

பிரிவு 63-இல் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் இருக்கின்றன. வணிக லாபத்துக்காகச் செய்யவில்லை என்றால் காரணம் எழுதித் தண்டனையைக் குறைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. இது போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் சொல்லியிருக்கிறது. உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. சங்க விழாக்களில் நடைமுறையில் வருவது வக்கீல் நோட்டீஸ், கட்டணமும் நஷ்டஈடும் கேட்டு. அதைவிட அதிகம் நடப்பது, விழா அன்று மாலை ஆறு மணிக்கு ஹால் மேனேஜர் சிஸ்டத்தை நிறுத்துவதும், விருது கொடுக்கும் நேரத்தில் நேரலை போய்விடுவதும். நோட்டீஸ் வந்தால் சங்கத்தின் பெயருக்கும் உங்கள் பெயருக்கும்தான் வரும். "ஒண்ணும் ஆகாது" என்ற டிஜே அன்று போனை எடுக்க மாட்டார்.

என்னிடம் கேட்டால்

மேடையேற்றத்துக்குச் சினிமாப் பாட்டே வேண்டாம். சட்டத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும் என் பதில் இதுதான். 'குணத்துக்கு ஏற்ற பாட்டு' என்று குழு தேர்ந்தெடுத்த வரி, கீழே உட்கார்ந்திருக்கும் போட்டி நிறுவனத்துக்காரருக்குக் கிண்டலாகக் கேட்கும். பெண் தொழில்முனைவோர் ஏறும்போது கதாநாயகி அறிமுகப் பாட்டைப் போட்டுவிட்டு அவர் முகத்தைப் பாருங்கள். பாட்டு தெரிந்ததாக இருந்தால் கூட்டம் பாட்டுக்குக் கைதட்டும், ஏறுபவருக்கு அல்ல.

மாற்றாக, உள்ளூர் கீபோர்டு கலைஞர் ஒருவரிடம் விழாவுக்கென்றே சொந்த மெட்டில் சில துண்டுகள் செய்து வாங்குங்கள். 40,000 ரூபாயை வைத்துக்கொண்டு இதைப் பேச முடியும். தேவைப்படுவது: ஒரு விருதுப் பிரிவு தொடங்கும்போது 8 முதல் 10 வினாடி முழக்கம் ஒன்று, மேடையேற்றத்துக்கு ஒரே மெட்டில் மூன்று வடிவம், ஒவ்வொன்றும் 90 வினாடி, சுற்றிச் சுற்றி ஓடினாலும் ஒட்டு தெரியாதபடி, நிதானமான இரண்டு நிமிடத் துண்டு ஒன்று, முடித்துவைக்க நாலைந்து வினாடி. குரல் வேண்டாம். பேச்சுக்கு அடியில் குரலுள்ள பாட்டு ஓடினால் இரண்டும் கேட்காது.

வாய்ப்பேச்சாக விட்டுவிடாமல் எழுதி வாங்குங்கள், அவர் உறவினராக இருந்தாலும். பிரிவு 19-இன்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டமே எடுத்துக்கொள்ளும். வேறுவிதமாக எழுதாவிட்டால், ஓராண்டு பயன்படுத்தாமல் விட்ட உரிமை அவரிடமே திரும்பிவிடும். ஆகவே 'ஹாலில் ஒலிக்க, இணையத்தில் நேரலையாகவும் பதிவாகவும் வெளியிட, வீடியோக்களில் சேர்க்க, உலகம் முழுவதும், உரிமைக்காலம் முடியும்வரை, பயன்படுத்தாவிட்டாலும் காலாவதி ஆகாது' என்று எழுதுங்கள். கூடவே இரண்டு வாக்கியம்: வேறு யாருடைய மெட்டோ ஒலித்துண்டோ இதில் இல்லை, இதை யூடியூபின் ஒப்பீட்டுப் பட்டியலில் சேர்க்கும் எந்த விநியோக நிறுவனத்திடமும் கொடுக்கவில்லை. ரெடிமேட் தாளத்துண்டுகளை வைத்துச் செய்த இசைக்கு யாரோ முன்பின் தெரியாதவர் கோரிக்கை போடுவது இப்போது சாதாரணம்.

இணையத்தில் கிடைக்கும் 'இலவச இசை'யும் வழிதான், நிபந்தனையை முழுக்கப் படிப்பவருக்கு. வணிகமற்ற பயன்பாட்டுக்கு மட்டும் என்றிருந்தால் ஸ்பான்சர் பேனர் உள்ள விழாவுக்கு ஆகாது. மாற்றக் கூடாது என்றிருந்தால் 20 வினாடிக்கு வெட்டுவதே சிக்கல். வீடியோவில் சேர்க்க அனுமதி உண்டு, ஹாலில் பொதுவில் ஒலிக்க இல்லை என்ற வகையும் நிறைய.

விருந்தினர் வரும் நேரத்துக்கு நாதஸ்வரம் தவில். தியாகராஜர் கிருதி வாசித்தால் எவரிடமும் லைசென்ஸ் வேண்டாம். ஆனால் கலைஞர்களுக்கு நிகழ்த்துநர் உரிமை உண்டு. பதிவு செய்து நேரலையிலும் விடப்போகிறோம் என்று சொல்லி, ஒரு தாளில் சம்மதக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். அவர்களே சினிமாப் பாட்டுக்குத் தாவிவிடுவதும் உண்டு, அதையும் முன்பே சொல்லிவையுங்கள்.

தமிழ்த்தாய் வாழ்த்தை ரெகார்டில் போடாமல் பிள்ளைகளையே பாடச் சொல்லுங்கள். 2021 டிசம்பரில் அதை மாநிலப் பாடலாக அறிவித்த அரசாணையும் இசைத்தட்டைவிடப் பயிற்சி பெற்றவர்கள் வாயால் பாடுவதையே விரும்புகிறது. முல்லைப்பாணி, அதாவது மோகன ராகம், 55 வினாடி. தேசிய கீதம் 52 வினாடி. இரண்டுக்கும் முன்னும் பின்னும் வேறு இசை ஒட்டாமல் ஐந்து வினாடியாவது இடைவெளி விடுங்கள்.

மேடையில் எப்படி ஓட்டுவது

ரிகர்சலில் ஒருவரை நடு வரிசையிலிருந்து மேடை நடுவுக்கு நடக்கவிட்டு நேரம் பாருங்கள். பொதுவாக 15 முதல் 25 வினாடி. முப்பது வினாடிப் பாட்டு என்ற உங்கள் கணக்கு பின்வரிசைக்காரருக்குப் போதாது, முன்வரிசைக்காரருக்கு மிச்சம். அதனால்தான் சுற்றி ஓடும் 90 வினாடி என்றேன்: இசையின் நீளத்தை நடப்பவர் தீர்மானிக்கட்டும்.

தொகுப்பாளர் பெயரின் கடைசி எழுத்தைச் சொல்லி முடித்த பிறகுதான் இசை வர வேண்டும். முந்தினால் பெயரே கேட்காது. முதல் மூன்று வினாடியைக் கைதட்டல் விழுங்கிவிடும் என்பதால் இழுத்து இழுத்து ஆரம்பிக்கும் இசை பயன்படாது. முதல் அடியிலேயே முழுச் சத்தம் இருக்க வேண்டும். வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120 அடி, நடைக்கு ஒத்துவரும். ஏறுபவர் மேடை நடுவை அடைந்ததும் மூன்று வினாடியில் இறக்கி நிறுத்துங்கள். பாராட்டுரை வாசிக்கும்போது மெல்லிய இசைகூட வேண்டாம்.

22 முறை ஒரே துண்டு என்றால் பத்தாவது முறை கூட்டம் சலித்துவிடும். விருதுகளை நாலைந்து பிரிவாகப் பிரித்து, பிரிவுக்குப் பிரிவு அந்த மூன்று வடிவங்களை மாற்றி மாற்றிப் போடுங்கள்.

இரண்டு விருதுகளைத் தனியாகக் கவனியுங்கள். மறைந்த உறுப்பினருக்கான விருதை அவர் மனைவி வாங்க வருகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே இசையே வேண்டாம். சோகப் பாட்டு போடலாமா என்று குழுவில் பேச்சு வந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள், தயவுசெய்து வேண்டாம். பெயர் சொன்னதும் தொகுப்பாளர் எழுந்து நிற்கட்டும், கூட்டம் தானாக எழுந்துவிடும். வாழ்நாள் சாதனையாளர் வாக்கரோடு வருபவர். அவர் மேடைக்கு வர ஒன்றரை நிமிடம்கூட ஆகலாம். விறுவிறுப்பான மெட்டு அவரை அவசரப்படுத்துவதுபோல் இருக்கும், அந்த நிதானமான இரண்டு நிமிடத் துண்டு அவருக்காகத்தான். அல்லது அவரை முன்பே மேடையில் அமர்த்திவிடுங்கள்.

கோப்புகள் லேப்டாப்பில் இறக்கியவையாக இருக்கட்டும். இணையத்திலிருந்து நேராக ஓட்டாதீர்கள். பெயர்கள் 01, 02 என்று வரிசை எண்ணில் ஆரம்பிக்கட்டும். வைஃபையும் அறிவிப்புகளும் அணைந்திருக்க வேண்டும். மிக்ஸருக்கு ஒயரில் இணையுங்கள். போனை ப்ளூடூத்தில் இணைத்தால் பரிசு கொடுக்கும் நேரத்தில் யாருடைய ரிங்டோனோ ஹால் முழுக்கக் கேட்கும். அதே கோப்புகளோடு இரண்டாவது லேப்டாப் ஒன்று தயாராக நிற்கட்டும். இயக்குபவர் கையில் ஒரு தாள்: எந்தச் சொல்லைக் கேட்டதும், எந்த எண், எப்போது நிறுத்துவது. அவர் உட்காரும் இடத்திலிருந்து மேடைப் படி கண்ணுக்குத் தெரிய வேண்டும். பல ஹால்களில் ஒலிப்பெட்டி தூணுக்குப் பின்னால் இருக்கும், பாதிக் குளறுபடி அதனால்தான்.

நேரலையும் வீடியோவும்

மேலே சொன்னபடி சொந்த இசையே என்றால் நேரலைக்குத் தனி ஏற்பாடு தேவையில்லை. ஆனாலும் விழாவுக்கு ஒரு வாரம் முன்பே எல்லாத் துண்டுகளையும் ஒரே வீடியோவாகச் சேர்த்து, யாருக்கும் தெரியாதபடி 'தனிப்பட்டது' என்று வைத்து உங்கள் சேனலில் ஏற்றுங்கள். காப்புரிமைச் சோதனையில் ஏதாவது சிக்கினால் அப்போதே தெரிந்துவிடும்.

குழு பிடிவாதமாக நான்கைந்து சினிமாப் பாட்டாவது வேண்டும் என்றால், ஹாலுக்கு லைசென்ஸ் வாங்கிக்கொண்டு, நேரலைக்குப் போகும் ஒலியில் அந்தப் பாட்டு லைனைச் சேர்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள். மிக்ஸரில் நேரலைக்குத் தனி அவுட் எடுத்தால் செய்யலாம். ஒரு எச்சரிக்கை: லைனைச் சேர்க்காவிட்டாலும் போடியம் மைக் ஸ்பீக்கர் சத்தத்தைப் பிடித்து அனுப்பிவிடும், ஒப்பீட்டுக்கு அதுவே போதும். பாட்டு ஓடும்போது மேடை மைக்குகள் எல்லாம் மியூட்டில் இருக்க வேண்டும். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒருவர் விரலை வைத்துக்கொண்டு நிற்க வேண்டிய வேலை, தவறுவதற்கு வாய்ப்பு அதிகம்.

ஸ்பான்சர் வீடியோவில் சினிமாப் பாட்டு வேண்டவே வேண்டாம். காட்சியோடு பாட்டைச் சேர்க்கும் அனுமதியை இசை நிறுவனத்திடமும் மெட்டுக்கு உரியவரிடமும் நேரடியாக வாங்க வேண்டும். ஸ்பான்சர் அதைத் தன் பக்கத்தில் போட்டுவிட்டால் அது விளம்பரமாகவே பார்க்கப்படும், விலக்கு வாதம் எதுவும் மிஞ்சாது.

விருந்து நேரம்

சினிமாப் பாட்டுக்கு இடம் அதுதான். நேரலையை அணைத்துவிட்டு, லைசென்ஸுக்கு ஒதுக்கும் பணத்தை இங்கே செலவிடுங்கள். டிஜேயிடம் பட்டியலை முன்கூட்டியே வாங்கி, லைசென்ஸுக்குள் வரும் பாட்டுகளைத் தவிர வேறு போடமாட்டேன் என்று எழுதி வாங்குங்கள். சத்தம், மேஜையில் எதிரே இருப்பவரோடு குரல் உயர்த்தாமல் பேசும் அளவு. போன் ஆப்பில் அளந்தால் 65 டெசிபல் பக்கம். புல்வெளி திறந்தவெளி என்பதால் ஒலிபெருக்கிக்கு முன் அனுமதி வேண்டும். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை மூடிய அரங்குக்குள் தவிர ஒலிபெருக்கி கூடாது. விருது நேரம் நீண்டு விருந்து ஒன்பதரைக்குத் தொடங்கினால் டிஜேக்கு மிஞ்சுவது அரை மணி நேரம்தான். அப்படியானால் அவரை ஹாலுக்குள்ளேயே போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் முதல் வேலையாக ஹாலின் லைசென்ஸ் நகலைக் கேட்டு வாங்குங்கள், கீபோர்டு கலைஞரிடம் பேசுங்கள். ஐ.பி.ஆர்.எஸ்.சுக்கும் விருந்துப் பாட்டுகளின் ஒலிப்பதிவு உரிமையாளருக்கும் மூன்று வாரம் இருக்கும்போதாவது விண்ணப்பம் போய்விட வேண்டும். வருகிற ரசீதையும் லைசென்ஸையும் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை ஹால் மேனேஜரிடம் விழாவுக்கு முந்தைய நாளே கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். மற்றொன்று விழா மாலை உங்கள் சட்டைப்பையில் இருக்கட்டும்.